பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! நர்ஸுகளைக் குறை சொல்வோருக்கு நமது பதில்

பூமி சூடேறி வருகிறது. களை பறிக்கும் பெண்ணுக்கும், பஞ்சாலை ஷெட்டில் நிற்கும் தொழிலாளிக்கும் இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் முதுகே சொல்லும். இருந்தாலும் கணக்கையும் சொல்லி விடுவோம்.

யந்திரத் தொழில் வளர்வதற்கு முன், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டி விட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து ஏற்றிய புகை இது. அந்தப் பழைய காலத்தை விட 2024ம் வருஷத்தில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் ஒன்றரை டிகிரி கூடுதல். அளந்து பார்க்கத் தொடங்கிய காலம் முதல் அதுவரை அவ்வளவு சூடான வருஷம் வந்ததில்லை என்று உலக வானிலை ஸ்தாபனம் அறிவித்தது.

இந்தச் சூடு கடைசியில் எங்கே வந்து விழுகிறது? உழைப்பவன் உடம்பில். அந்த உடம்பு சாய்ந்தால் எங்கே கொண்டு போகிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு. அங்கே நெற்றியில் முதலில் கை வைத்துப் பார்ப்பது யார்? நர்ஸ்!

அந்த நர்ஸின் மேல்தான் இப்போது ஒரு புதுக் குற்றச்சாட்டு கிளம்பியிருக்கிறது.

குற்றச்சாட்டு என்ன?

பல நாடுகளில் ஆராய்ச்சிக்காரர்கள் நர்ஸுகளிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்குகிறார்கள். பருவநிலை மாறுவது உண்மை என்று நினைக்கிறாயா? அதனால் ஜனங்களுக்கு நோய் வரும் என்று அறிவாயா? அதற்காக நீ என்ன செய்தாய்? பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி வருகிறது. நர்ஸுகளுக்குக் கவலை இருக்கிறது. அவர்கள் கண்ணால் பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் இடத்தில் அதற்காக ஏதும் செய்ததாகச் சொல்பவர்கள் குறைவு.

உடனே கனவான்கள் தீர்ப்பு எழுதி விடுகிறார்கள்: நர்ஸின் மனப்பான்மை போதாது, அறிவு போதாது, விழிப்புணர்வு வகுப்பு நடத்து, சுவரில் படம் ஒட்டு, தொட்டிக்கு நிறம் பூசிக் குப்பையைப் பிரிக்கச் சொல்!

அந்தக் கணக்கெடுப்புகளை நாம் பொய் என்று சொல்லவில்லை. அதே கணக்கெடுப்புகளில் இருக்கும் இன்னொரு உண்மையை ஏன் மூடி வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

அந்த உண்மை இது: அதே நர்ஸ், தன் வீட்டில் இதற்காகப் பல காரியங்களைச் செய்கிறாள். வீணாக எரியும் விளக்கை அணைக்கிறாள். தண்ணீரைச் சிக்கனம் பண்ணுகிறாள். வீட்டில் செய்வதை விட வேலையிடத்தில் அவள் செய்வது குறைவு. ஒரே பெண், ஒரே மனசு, ஒரே அறிவு. வாசற்படி தாண்டியதும் மனப்பான்மை எப்படி மாறி விடும்?

மாறுவது மனசு அல்ல, அதிகாரம்! வீட்டில் அவள் கை அவளுடையது. வார்டில் அவள் கை நிர்வாகத்தின் கை. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அவர்கள் சொல்லும் காரணத்தையும் பாருங்கள். நேரமில்லை, மேலே இருப்பவர்கள் ஆதரவில்லை, நமக்குச் சொல்லும் உரிமை இல்லை என்கிறார்கள். பஞ்சாலைத் தொழிலாளிக்கு இந்தப் பதில் புதிதா? மெஷின் பழுதென்று அவனுக்குத் தெரியும். நிறுத்தும் உரிமைதான் அவனிடம் இல்லை.

குப்பைத் தொட்டிக் கணக்கு

ஆஸ்பத்திரிகளும் புகை விடத்தான் செய்கின்றன. உலகத்தில் வெளியேறும் வெப்ப வாயுக்களில் சுமார் 4.4 சதவீதம் சுகாதாரத் துறையின் பங்கு என்று 2019ல் ஒரு சர்வதேச அறிக்கை கணக்கிட்டது. சரி, அதில் நர்ஸின் பங்கு எவ்வளவு? அதே அறிக்கை சொல்கிறது: இந்தப் புகையில் 71 சதவீதம், மருந்தும் கருவியும் மற்றச் சாமான்களும் உற்பத்தியாகி, லாரியிலும் கப்பலிலும் வந்து சேரும் வழியில் உண்டாகிறது. அந்தச் சாமான்களுக்கு ஆர்டர் கொடுப்பது நர்ஸா? டெண்டரில் கையெழுத்துப் போடுவது நர்ஸா? மருந்துக் கம்பெனியிடம் விலை பேசுவது நர்ஸா?

அதிகாரத்தில் கொஞ்சம் அவள் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி உண்டு. அங்கே கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2018ல் நர்ஸுகளே முன்னின்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். எந்த வேலைக்குக் கையுறை அவசியம், எதற்குக் கை கழுவினால் போதும் என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் 37 லட்சம் கையுறை மிச்சமாயிற்று. வகுப்பெடுத்து மனசை மாற்றியதால் மட்டும் வந்த பலன் இல்லை இது. முடிவு செய்யும் உரிமை கிடைத்ததால் வந்த பலன்.

ஆனால் அந்த லண்டன் பாடத்தை அப்படியே இங்கே கொண்டு வந்து ஒப்பிப்பவர்களைக் கண்டு நாம் சிரிக்கத்தான் வேண்டும். நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கையுறை மிஞ்சிக் கிடக்கிறதா? பெருந்தொற்றுக் காலத்தில் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் நர்ஸுகள் போராட நேர்ந்தது மறந்து போயிற்றா? இல்லாதவளிடம் சிக்கனம் உபதேசிப்பது என்ன நியாயம்!

மூன்று படுக்கைக்கு ஒருத்தி எங்கே?

போதனா ஆஸ்பத்திரியில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், பொது ஆஸ்பத்திரியில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் யாரும் இந்தக் கணக்கைக் கேட்டால் வாய் விட்டுச் சிரிப்பார்கள். உலக முழுவதற்கும் பார்த்தாலும் நர்ஸுகள் பற்றாக்குறை 58 லட்சம் என்று 2025ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

இருக்கிற நர்ஸுகளின் நிலைமை என்ன? 2015ல் தமிழ்நாட்டில் தேர்வு எழுதித் தேறிய ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொன்னார்கள். இரண்டு வருஷம் போயிற்று, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்து விட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் கதை இதற்கும் மேலே. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று, சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி அமைந்த குழு 2016ல் சொல்லிற்று. அதை அமுலாக்கச் சொல்லிக் கேரள நர்ஸுகள் 2017ல் தெருவில் இறங்க வேண்டி வந்தது.

2020 மே 3ந் தேதி நினைவிருக்கிறதா? விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூ மாரி பொழிந்தன. தெய்வம் என்றார்கள், தாய் என்றார்கள். 2022 டிசம்பர் 31ந் தேதி என்ன நடந்தது? பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,300க்கு மேற்பட்ட நர்ஸுகளுக்குத் தமிழ்நாட்டில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வருஷப் பிறப்பன்று அவர்கள் வீதியில் நின்றார்கள். ஆபத்தில் பூ, ஆபத்து தீர்ந்ததும் சீட்டுக் கிழிப்பு!

நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவளைப் பார்த்து, 2050ல் பூமி என்னாகும் என்று நீ கவலைப்பட்டாயா என்று கேள்வித்தாள் நீட்டுகிறார்களே, இது வெட்கக்கேடு அல்லவா?

உடம்பில் நடப்பது என்ன?

வெயில் எப்படிக் கொல்கிறது என்பதை நாம் விளங்கிக் கொள்ள வேண்டும். வேலை செய்யும் உடம்பு தானே சூடு உண்டாக்கும். வியர்வை வழிந்து காற்றில் காய்ந்தால்தான் அந்தச் சூடு இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை காயாது, வழிந்து வீணாகும். இருதயம் அடித்துக் கொள்ளும். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் நோகும். நாள்தோறும் இப்படி நொந்தால் சில வருஷத்தில் அது செத்தே போகும்.

பஞ்சாலையில் என்ன செய்கிறார்கள்? காற்று வறண்டால் இழை அறும். ஆகையால் ஷெட்டுக்குள் ஈரம் ஏற்றுகிறார்கள். இழைக்கு எத்தனை ஈரம் வேண்டும் என்று அளக்க அங்கே கருவி உண்டு. மனிதன் எத்தனை சூடு தாங்குவான் என்று அளக்க யார் இருக்கிறார்கள்?

2024ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கணக்கிட்டது: உலகத்தில் 240 கோடித் தொழிலாளர் வேலையில் மிதமிஞ்சிய வெப்பத்துக்கு ஆளாகிறார்கள். வருஷத்துக்கு 18,970 பேர் வேலையிடத்து வெப்பத்தால் சாகிறார்கள். 2 கோடி 62 லட்சம் பேர் வேலையிடத்து வெப்பத்தால் வந்த தீராத சிறுநீரக நோயோடு வாழ்கிறார்கள்.

நம் பெண்கள் கதை இதைவிடக் கொடிது. தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் சுமார் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2024ல் வெளியாயிற்று. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் சூட்டில் வேலை செய்யும் கர்ப்பிணிக்குக் கரு கலையும் அபாயம் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு! பிள்ளை தங்கவில்லை என்றால் இதுவரை யாரைக் குறை சொன்னார்கள்? ஜாதகத்தை, கண்ணேற்றை, அந்தப் பெண்ணையே! குற்றவாளி தலைக்கு மேல் காய்கிற வெயில்; அந்த வெயிலிலும் அவளை நிறுத்தி வைக்கிற கூலி முறை.

ஒரு தெர்மாமீட்டரின் மதிப்பு

இங்கேதான் நர்ஸின் வேலை வருகிறது. அஹமதாபாத்தில் 2010 மே மாதம் வெயில் 46.8 டிகிரி தொட்டது. அந்த ஒரு மாதத்தில் அந்த நகரத்தில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது. பிறந்த சிசுக்கள் ஜுரமில்லாமலே அனலாய்க் கொதித்துத் தீவிர சிகிச்சைக்கு வந்தன. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு அப்படி வரும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தன. கோடி ரூபாய் யந்திரம் வாங்கவில்லை. கணக்கெடுத்தார்கள், காரணம் தெரிந்தது.

2013ல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்க்கத் திட்டம் போட்டது. வெயில் ஏறுமுன் எச்சரிக்கை, டாக்டருக்கும் நர்ஸுக்கும் பயிற்சி, ஆம்புலன்ஸில் பனிக்கட்டி என்று ஏற்பாடுகள் நடந்தன. அதன் பலனாக வருஷத்துக்குச் சுமார் 1,190 சாவுகள் தவிர்ந்தன என்று பின்னால் வந்த ஆராய்ச்சி கணித்தது. ஆக, வெயில் சாவு விதி அல்ல, தடுக்கக் கூடியது.

தமிழ்நாட்டு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லது. ஆனால் வெயிலால் செத்தான் என்று யார் எழுதுவது? மயங்கி விழுந்தவனின் உடம்புச் சூட்டை வந்த நிமிஷமே அளந்து எழுதினால்தான் சாட்சி. உடம்பு ஆறிய பிறகு ‘மாரடைப்பு’ என்று எழுதி மூடி விடலாம். கான்ட்ராக்டரும் தப்பினான், மில் முதலாளியும் தப்பினான், 4 லட்சமும் போயிற்று! ஆகவே நர்ஸ் கையிலிருக்கும் தெர்மாமீட்டரும் அவள் எழுதும் ஒரு வரியும் உழைப்பாளி குடும்பத்தின் சொத்து. ஐம்பது நோயாளிக்கு ஒருத்தி ஓடினால் அந்த வரியை எழுத நேரம் ஏது?

நாமும் தெரிந்து கொள்வோம். வெயிலில் ஒருவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, நினைவிழந்தாலோ அது உயிர் போகும் ஆபத்து. நிழலுக்குத் தூக்கு. உடையைத் தளர்த்து. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறு. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வை. நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே. குளிர்வித்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

பேசிய நர்ஸுகள்

நர்ஸுக்கு அரசியல் எதற்கு, ஊசி போட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நர்ஸ் தொழிலின் முன்னோடி என்று இவர்களே மாலை போடும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்ன செய்தார்? நம் பாட்டன்மார் பேசிப் பேசி மாய்ந்த தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடியது. மழை பொய்த்தது; ஆனால் தானியம் கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது. மாண்டவர் அரைக் கோடிக்கும் மேல் என்பது கணக்கு. இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் பாராத அந்த ஆங்கிலப் பெண்மணி 1878ல் லண்டன் பத்திரிகையில் இந்திய ஜனங்களின் நிலையைப் பற்றி எழுதினார். பாசனம் எங்கே என்று கேட்டார். விவசாயியை உறிஞ்சும் வட்டிக்காரனைச் சாடினார். அவர் பிரபு குடும்பத்துப் பெண், சாம்ராஜ்யத்துக்குள் நின்றே பேசியவர். அப்படிப்பட்டவருக்கே தெரிந்தது: வானம் பொய்த்ததோடு பஞ்சம் வருவதில்லை, நிர்வாகம் பொய்த்தால்தான் வருகிறது என்று.

நம் காலத்திலும் சாட்சி உண்டு. கனடாவின் தார் மணலிலிருந்து எடுக்கும் எண்ணெயை அமெரிக்காவுக்குள் கொண்டு போகக் கீஸ்டோன் எக்ஸ்.எல். என்ற குழாய்த் திட்டம் போட்டார்கள். அந்த நாட்டு நர்ஸுகளின் பெரிய சங்கமான நேஷனல் நர்ஸஸ் யுனைடெட் அதை எதிர்த்தது. 2013ல் சான்பிரான்சிஸ்கோவில் நர்ஸுகள் ஊர்வலம் போனார்கள். வேலை கிடைக்குமே என்று குழாயை ஆதரித்த கட்டிடத் தொழிலாளர் சங்கங்களும் அங்கே இருந்தன. அவர்கள் வயிற்றுப்பாட்டை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் மூச்சிரைக்க வரும் குழந்தையைத் தூக்கிப் பார்த்தவர்கள் நர்ஸுகள். அவர்கள் சொல்லையும் கேட்கத்தான் வேண்டும். 2021 ஜனவரியில் அந்தக் குழாய்க்குக் கொடுத்த அனுமதி ரத்தாயிற்று. அந்தப் போராட்டத்தில் நர்ஸுகளுக்கும் பங்குண்டு. அவர்கள் செய்தது எப்படி? தனித்தனியாக மனப்பான்மையை வளர்த்துக் கொண்டதாலா? சங்கமாக நின்றதால்!

நம்மவருக்கும் ஒரு வார்த்தை

பருவநிலை, பூமிச் சூடு இதெல்லாம் படித்தவர் பேச்சு, நமக்குக் கூலிதான் பேச்சு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2019ல் உலகத்தின் பெரும் பணக்காரர்களான ஒரு சதவீதம் பேர் விட்ட புகை, மொத்தத்தில் 16 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் கணக்கிட்டது. அடித்தட்டு 66 சதவீத ஜனங்கள் சேர்ந்து விட்ட புகைக்கு அது சமம்! புகை அவர்களுடையது, வெயில் நம்முடையது. வெப்பத்தால் 2030ல் இந்தியாவின் வேலை நேரத்தில் 5.8 சதவீதம் வீணாகும், அது 3 கோடி 40 லட்சம் பேரின் வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2019லேயே எச்சரித்தது. அந்த நஷ்டத்தை யார் கூலியில் பிடிப்பார்கள்? கூலிப் பேச்சும் இதுதான், வெயில் பேச்சும் இதுதான்!

இன்னொன்று. நர்ஸுகள் வேலை நிறுத்தம் செய்தால் நோயாளி தவிக்கிறான் என்று பிரசாரம் நடக்கிறது. நோயாளி தவிப்பது வேலை நிறுத்தம் நடக்கும் மூன்று நாளில் மட்டுமா? ஆளில்லாத வார்டில் வருஷம் முழுவதும் தவிக்கிறானே! அந்தப் பிரசாரத்துக்கு நாம் காது கொடுக்கக் கூடாது.

நாம் கேட்பது

1. கவுன்சில் வகுத்த கணக்குப்படி நர்ஸுகளை நியமி. ஒப்பந்த நர்ஸுகளை நிரந்தரமாக்கு.

2. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வெயில் நோய்க்குத் தனிப் பதிவேடு வை. என்ன வேலை, எந்த நேரம், எத்தனை டிகிரி என்று எழுது. எழுதிய நர்ஸைப் பழிவாங்காதே.

3. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் பனிக்கட்டி, குளிர்ந்த அறை, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு செய். கர்ப்பிணியையும் சிசுவையும் தகிக்கும் மேல்மாடியில் போடாதே.

4. வயலிலும் சூளையிலும் மில்லிலும் தண்ணீர், ஓய்வு, நிழல் கொடு. ஒடிஸாவில் கோடை உச்சத்தில் பகல் 11 மணி முதல் 3 மணி வரை வெளி வேலையை நிறுத்தி வைத்த வருஷங்கள் உண்டு. இங்கேயும் நிறுத்து. கூலியைப் பிடிக்காதே.

5. சாமான் வாங்கும் குழுவிலும் வெப்பத் திட்டக் குழுவிலும் நர்ஸுகளின் பிரதிநிதியை உட்கார வை.

தோழர்களே! ஆஸ்பத்திரிக்குப் போனால் வெறும் தலைசுற்றல் என்று சொல்லி வராதீர்கள். என்ன வேலை செய்தோம், எத்தனை மணிக்கு விழுந்தோம் என்று நர்ஸிடம் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வீதிக்கு வந்தால் மில் கேட்டிலிருந்தும் கிராமத்துச் சாவடியிலிருந்தும் நாமும் போய் நிற்போம். அவள் கைக்கட்டு அவிழ்ந்தால் பிழைக்கப் போவது நம் உயிர்!